கொழுக்கட்டைப்புல் பிடிக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

வறட்சியைத் தாங்கும் என்று கேள்விப்பட்டு கொழுக்கட்டைப்புல் என்கிற தீவனப்புல்லின் விதையை வாங்கிப் போட்டவர்கள் சென்னையைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். திருப்போரூர், மதுராந்தகம், ஊத்துக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இது நம்ம ஊருக்கு ஆகாதுங்க." அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் புல் இந்தியாவிலும் இயற்கையாகவே வளர்வதுதான். வேர் இரண்டு மீட்டர் ஆழம்கூடப் போகும். ஒரு தடவை தூர் கட்டிவிட்டால் பல வருஷம் நிற்கும். மேய்த்து மேய்த்துக் கட்டாந்தரையாகிப்போன மேய்க்கால் நிலத்தைத் திரும்பப் பச்சையாக்க இதைவிடப் பொருத்தமான புல் நம்மிடம் குறைவு.

பிரச்சனை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் புல்லை வளர்க்கும் பக்குவம் நமக்குப் பெரும்பாலும் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டிலிருந்து, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்திலிருந்து, வருகிறது. அங்கே ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். சென்னையில் 1,400ஐ ஒட்டிப் பெய்கிறது. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதனால் இங்கே இந்தப் புல்லை வெயில் கொல்வதைவிடத் தேங்கிய தண்ணீர் கொல்வதுதான் அதிகம். ஆனால் ‘வறட்சிப் புல்’ என்ற பெயரைக் கேட்டவர்கள், வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்ற ஓடுகிறார்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் இருக்கும், மணல் ஒட்டிக்கொண்டு வரும், மண்வாசனை வரும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும். இந்த ஒரு சோதனையே பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும்.

விதைத்து மூன்று வாரம் ஆகியும் முளையே இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும், சில நேரம் இரண்டு சேர்ந்தும் இருக்கும்.

முதலில் விதையின் வயசைக் கேளுங்கள். "புதுசா அறுத்த விதைங்க" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். நெல்லுக்கும் கம்புக்கும் புது விதை நல்லது என்று நமக்குப் பழக்கம். கொழுக்கட்டைப்புல் விதைக்கு உறக்ககாலம் உண்டு. அறுத்த கையோடு போட்டால் பெரும்பகுதி மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை காய்ந்த இடத்தில், காற்றுப் போகும் துணிப்பையில் வைத்திருந்த விதைதான் சரியாக முளைக்கும். பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து உறக்கத்தைக் கலைக்கிற முறையும் உண்டு. ஆனால் மானாவாரியாக விதைப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஊறிய விதையைப் போட்டபின் மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் மொத்தமும் வீண். பழைய விதையைத் தேடிப் பிடிப்பதே நிதானமான வழி.

இரண்டாவது, நீங்கள் விதை என்று வாங்கியதில் விதை இருக்கிறதா? பைக்குள் தெரிவது சொணை சூழ்ந்த பஞ்சு மாதிரியான கொத்து. அதற்குள்தான் மணி இருக்க வேண்டும், பல கொத்துகளில் இருக்காது. பையின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேயுங்கள். சொணையை ஊதித் தள்ளினால் பழுப்பு நிறத்தில், எள்ளில் பாதி அளவு மணிகள் கையில் நிற்க வேண்டும். ஊதியதும் எல்லாமே பறந்துவிட்டால் நீங்கள் வாங்கியது வெறும் உமி. மணி இருந்தாலும் நூறு கொத்தை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டிப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், வேறு செலவு கிடையாது. முப்பதுக்குக் கீழே முளைத்தால் விதையளவைக் கூட்டுங்கள், பத்துக்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை சொல்கிறது. ஏக்கருக்குச் சுமார் மூன்று கிலோ. அது நல்ல விதைக்கான கணக்கு.

மூன்றாவது, ஆழம். ஏர் ஓட்டி, விதையைத் தூவி, திரும்ப ஒரு சால் ஓட்டி மூடினால் விதை மூன்று நான்கு அங்குலம் கீழே போய்விடும். இவ்வளவு சின்ன மணிக்கு அங்கிருந்து மேலே வரத் தெம்பு கிடையாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது. மண்ணைக் கீறிவிட்டு, விதையை ஈர மணலோடு கலந்து தூவி, முள்செடிக் கிளை ஒன்றை மேலே இழுத்துக்கொண்டு நடந்தால் போதும். மணலோடு கலக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொணை விதை தனியாகத் தூவினால் கடற்காற்றில் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான்காவது, எறும்பு. செம்மண் தரையில் வரிசையாகப் பஞ்சுக் கொத்துகள் நகர்ந்து போவதைப் பார்த்தால் புரிந்துவிடும். எறும்புப் புற்றின் வாயில் உமிக் குவியல் கிடக்கும். விதையைச் செம்மண்ணும் சாணியும் சேர்த்துச் சிறு உருண்டைகளாக உருட்டி நிழலில் காயவைத்துப் போட்டால் எறும்பின் தொல்லை வெகுவாகக் குறையும். உருண்டை சுண்டைக்காய் அளவுக்கு மேல் போகக் கூடாது. பெரிதாகப் பிடித்தால் நடுவில் உள்ள விதைக்கு ஈரம் எட்டாது.

நான்கும் இல்லையென்றால் மழை ஏமாற்றியிருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் சென்னையில் சாயங்காலம் ஒரு இடிமழை கொட்டிவிட்டு அடுத்த பத்து நாள் எட்டிப் பார்க்காது. முளை விட்டது அப்படியே சுருண்டுவிடும். அந்த இடங்களில் மட்டும் மறுபடி விதையுங்கள், மொத்த நிலத்தையும் கிளற வேண்டாம். முளைக்காத விதை கொஞ்சம் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும்.

நன்றாக முளைத்தது, அக்டோபர் கடைசியில் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது

வேரைப் பாருங்கள் என்று மேலே சொன்னது முதன்மையாக இதற்குத்தான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். மழை வரப்போகிறதே என்று அக்டோபர் முதல் வாரத்தில் விதைத்தவரின் நாற்று, அந்த நேரம் இரண்டு இலை, மூன்று இலையில் நிற்கும். அதன்மேல் நான்கு நாள் தண்ணீர் நின்றால் பிழைப்பது அபூர்வம். தூர் கட்டிய செடி சில நாள் தாங்கும், நாற்று தாங்காது.

என் கணிப்பில் சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கு விதைப்பு ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அந்த நேரத்துச் சாயங்கால மழையே முளைக்கப் போதும். பெருமழை வரும்போது நாற்றுக்கு ஆறு வாரம் ஆகியிருக்கும், பக்கவாட்டில் தூர் கட்டத் தொடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழையோடு விதைக்கச் சொல்லும் பரிந்துரை, மழை குறைந்த உள்மாவட்டத்துக்குச் சரி. ஒரே ராத்திரியில் வயல் ஏரியாகிற பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் அது ஒத்துவராது.

இந்த வருஷம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டதா? தண்ணீரை வடியவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சரிவைப் பார்த்து ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் இழுத்தாலே பாதித் தண்ணீர் இறங்கிவிடும். மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியா போட வேண்டாம். மூச்சுத் திணறுகிற வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் இறங்கி ஒரு வாரம் கழித்து, நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் செத்தது. கெட்டியாக நின்றால் பிழைக்கும்.

அடுத்த முறை மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்து, பாரின் மேல் விதையுங்கள். களிமண்ணாக இருந்தால் பார் கட்டாயம். மழை நின்று மூன்று நாள் ஆகியும் கால் புதைகிற பள்ளத்தில் இந்தப் புல்லைப் போட வேண்டாம். அந்த இடத்துக்கு எருமைப்புல் இருக்கிறது, அது ஈரத்திலேயே வளரும். மேட்டுக்குக் கொழுக்கட்டை, பள்ளத்துக்கு எருமைப்புல் என்று பிரித்துக்கொண்டால் நிலம் முழுவதும் பயன்படும்.

தண்ணீர் நிற்கவில்லை, ஆனாலும் நாற்று வளராமல் குட்டையாக நிற்கிறது

இலை ஓரமும் தண்டும் ஊதா நிறம் ஏறியிருந்தால் மணிச்சத்துக் குறை. இந்தப் புல்லின் நாற்று மணிச்சத்தை நம்பியே வளர்கிறது. ஹெக்டேருக்கு 40 கிலோ மணிச்சத்து வேண்டும், அதாவது ஏக்கருக்கு 100 கிலோ சூப்பர் பாஸ்பேட். விதைக்கும்போதே மண்ணோடு சேர்த்தால்தான் முழுப் பலன்.

ஊதா இல்லை, வேர் மட்டும் கட்டையாக, தடித்து, கிளை விடாமல் இருக்கிறதா? மண் புளித்திருக்கலாம். செங்கல்பட்டுப் பக்கத்து சரளைச் செம்மண்ணில் இது நடக்கிறது. புளித்த மண்ணில் கரைகிற அலுமினியத்தை இந்தப் புல்லால் தாங்க முடியாது. மண் பரிசோதனையில் அமில கார நிலை 5.5க்குக் கீழே வந்தால் சுண்ணாம்பு போட்டுவிட்டுத்தான் விதைக்க வேண்டும். செலவு கட்டுப்படியாகாது என்றால் அந்தத் துண்டை முயல் மசால் என்கிற பயறுவகைத் தீவனச்செடிக்கு விட்டுவிடுங்கள். அது புளித்த மண்ணையும் சகித்துக்கொள்ளும்.

எந்த மண்ணாக இருந்தாலும் ஆட்டுக்கிடை போட முடிந்தால் போடுங்கள். விதைப்பதற்கு முந்தைய கோடையில் சில ராத்திரி மந்தை படுத்து எழுந்த நிலம் தனியாகத் தெரியும்.

புல்லைவிடக் களை முந்திக்கொண்டது

கோரையா, பார்த்தீனியமா, சீமைக்கருவேலமா என்று பார்த்து அதற்கேற்ற வேலை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கிக்கொண்டே வந்தால் படிப்படியாக அடங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் அரிப்பு லேசில் போகாது. கோரையை ஒழிக்க முயன்று களைத்துப்போக வேண்டாம். புல் தூர் கட்டி நிழல் விழுந்தால் அது தானாகப் பின்வாங்கும். சீமைக்கருவேலத்தை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. வெட்டினால் துளிர்க்கும், தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். ஆடும் மாடும் அதன் காயைத் தின்று சாணியில் விதையைப் போடுகின்றன. அதனால் வேலிக்கு வெளியே காய்க்கிற மரம்கூட உங்கள் நிலத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கன்றுகளைத் தேடிப் பிடுங்குங்கள். ஈரமண்ணில் கையாலேயே வரும்.

கோடையில் வைக்கோல் நிறமாகிவிட்டது, செத்துவிட்டதா?

இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் அது அப்படித்தான் இருக்கும். தூரின் அடியில் மண்ணை விரலால் விலக்கி, ஒரு தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெளிர்பச்சையோ ஈரமோ தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிக்கத் தண்ணீர் லாரியில் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி வறட்சிக்காகவே உண்டான புல் இது. தண்ணீர் கட்ட வேண்டாம். கத்திரி வெயிலில் ஒரே ஒரு தடவை தண்ணீர் கட்டி, துளிர் வரவைத்து, அப்புறம் காயவிட்டால் தூரில் சேர்த்து வைத்திருந்த சத்து வீணாகிவிடும். அதேபோல், காய்ந்த நேரத்தில் மந்தையை விட்டுத் தூர்வரை கடிக்க விடுவதும் கெடுதல். அடித்தண்டில்தான் அடுத்த மழைக்கான மொட்டு இருக்கிறது.

மேய்ந்த பிறகு துளிர்க்கவில்லை

எவ்வளவு உயரத்தில் மேய்ச்சல் நின்றது என்று ஒரு சாண் அளந்து பாருங்கள். மாடு நாக்கால் சுழற்றிப் பிடுங்கும், செம்மறி உதட்டால் மண்ணை ஒட்டிக் கடிக்கும். நம் பக்கத்துச் சென்னைச் சிவப்புச் செம்மறிகளை ஒரே இடத்தில் இரண்டு நாள் அதிகமாக விட்டால் தரையைத் துடைத்துவிடும். முழங்கால் அளவு வளர்ந்ததும் மேய விட வேண்டும், அரைச் சாண் மீதி இருக்கும்போதே ஓட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் மூன்று நான்கு வாரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் எழும்பும். ஜனவரிக்குப் பிறகு அதைப்போல இரண்டு மடங்கு ஓய்வு வேண்டும். நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி விடுவதற்குப் பெரிய வேலி தேவையில்லை, மேய்ப்பவர் ஒருவர் கவனமாக இருந்தால் போதும்.

மேயும்போது செடி வேரோடு வந்துவிடுகிறது என்றால் கதை வேறு, அவசரப்பட்டுவிட்டீர்கள். ஒரு கொத்தை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்து, மாடு இழுக்கிற வேகத்தில் இழுங்கள். இலை அறுந்தால் மேய விடலாம், தூர் கிளம்பி வந்தால் கூடாது. முதல் வருஷம் அரிவாளால் அறுத்துக் கொண்டுபோய்ப் போடுவதே நல்லது. விதைத்து 70, 75 நாளில் முதல் அறுப்பு எடுக்கலாம். ஒரு தடவையாவது கதிர் முற்றி விதை கொட்டிய பிறகுதான் மந்தையை உள்ளே விட வேண்டும். ஊர் மேய்க்கால் புறம்போக்காக இருந்தால் இதை முன்கூட்டியே ஊரில் பேசி முடிவுசெய்து, பஞ்சாயத்தில் சொல்லி வைத்துவிட வேண்டும். எல்லார் ஆடும் வருகிற இடத்தில் ஒருவர் மட்டும் காத்து என்ன பயன்?

தூரின் நடு செத்து, ஓரம் மட்டும் பச்சையாக இருக்கிறது

சில வருஷம் ஆன தூரில் இது வரும். பழைய தண்டு நடுவில் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. மழைக்கு முன் அரைச் சாண் விட்டு ஒட்ட அறுத்துவிடுங்கள். ஓரத்துத் தூரைப் பிரித்து வெற்றிடத்தில் நட்டால் விதைச் செலவு இல்லாமல் நிலம் நிரம்பும். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30.

புல் செழிப்பாக இருக்கிறது, மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது

முற்றிவிட்டது. இளசாக இருக்கும்போது புரதம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், கதிர் காய்ந்த பிறகு அதில் பாதிதான். தண்டு நார்நாராகிவிடும், சொணை வாயில் குத்தும். பூக்கத் தொடங்கும் நேரமே மேய்ச்சலுக்கும் அறுப்புக்கும் சரியான நேரம். தவறிவிட்டால் அறுத்து, நறுக்கி, பசுந்தழையோடு கலந்து கொடுங்கள். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் விதைத்திருந்தால் புல் முற்றினாலும் தீவனத்தின் தரம் இவ்வளவு இறங்காது. சங்குப்பூவும் இதோடு ஒத்துப்போகும்.

கதிரில் பிசுபிசுப்பாகத் தேன் மாதிரி ஒட்டுகிறது

கம்புக்கு வரும் தேன் ஒழுகல் நோய்தான் இது. கம்பும் கொழுக்கட்டையும் நெருங்கிய சொந்தம், ஒரே பூஞ்சணம் இரண்டையும் தாக்கும். மழையும் மேகமூட்டமும் தொடர்ந்தால் பூக்கும் கதிரில் வரும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகக் கெட்டிப்படும், அது நஞ்சு. அந்தப் பகுதியில் மேயவிடாமல், கதிர்களை அறுத்து எரித்துவிடுங்கள். அந்த விதையைச் சேகரிக்க வேண்டாம். பக்கத்தில் கம்பு போடுகிறவர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்.

மேய்கிற பிராணிக்கு உடம்பு சரியில்லை

குதிரை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு, அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், தொடர்ந்து இதையே தின்கிற குதிரைக்கு எலும்பு கரைந்து முகம் வீங்கும், நடை கெடும். குதிரைக்கு இதை முழுநேரத் தீவனமாக வைக்கவே கூடாது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் அதற்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் பட்டினி கிடந்த ஆட்டையோ மாட்டையோ இளம் புல்லில் திடீரென்று விட வேண்டாம், முதலில் கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

மாடு நல்ல புல்லில் மேய்ந்தும் இளைக்கிறது, அசை போடுவது குறைகிறது, இடது வயிறு உப்பி நிற்கிறது என்றால் புல்லைக் குறை சொல்லாதீர்கள். சென்னை ஓரத்து நிலங்களில் காற்றோடு வரும் பாலித்தீன் பைகள் இந்தப் புல்லின் தூரில்தான் சிக்கி நிற்கின்றன. மாடு புல்லோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுகிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அல்லது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓட்டிப் போங்கள். வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியிருக்கலாம். மந்தையை உள்ளே விடும் நாள் காலையில் ஒரு சாக்கோடு நிலத்தைச் சுற்றி வந்து, சாலையைப் பார்த்த ஓரத்தில் இருக்கிற தூர்களை முதலில் பாருங்கள்.